பிள்ளைகள் வெளியூர் போனபின் அம்மாவுக்கு முதல் 90 நாள்: என்ன செய்ய வேண்டும், எவ்வளவு ஆகும்

போன அக்டோபரில் ஒரு நாள் காலை ஒன்பது மணி இருக்கும். சிலிண்டர் கொண்டுவந்த தம்பி வாசலில் நின்று, "அக்கா, போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்றார். என் போனுக்கு எதுவும் வரவில்லை. நம்பர் போயிருந்தது என் மகனின் எண்ணுக்கு. அவன் ஜெர்மனிக்குப் படிக்கப் போய்ப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அங்கே அப்போது விடிகாலை ஐந்தரை. நான்கு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சிலிண்டர் வந்த வழியே திரும்பிப் போனது. ஏர்போர்ட்டில் வராத அழுகை அன்று அடுப்படியில் வந்தது.

அதற்கு இரண்டு வருடம் முன்பே மகள் வேலைக்காக பெங்களூரு போய்விட்டாள். அப்போது மகன் என்னோடு இருந்ததால் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இவனும் கிளம்பியபிறகுதான் இந்த வீடு எவ்வளவு தூரம் அவன் போனை வைத்து ஓடிக்கொண்டிருந்தது என்று புரிந்தது. கேஸ், கரண்ட் பில், பேங்க், ஆதார் எல்லாமே அவன் எண்ணில். ஒவ்வொன்றாக என் பெயருக்கும் என் எண்ணுக்கும் கொண்டுவர நான்கு மாதம் அலைந்தேன். முறையாகச் செய்திருந்தால் ஒரு மாதம் போதும். உங்கள் பிள்ளையும் கிளம்பப் போகிறதென்றால், அல்லது இப்போதுதான் கிளம்பிப் போயிருக்கிறதென்றால், இந்த வரிசையிலேயே செய்யுங்கள். நான் இருப்பது ஸ்ரீரங்கத்தில். அலுவலக விஷயங்கள் தமிழ்நாடு முழுக்கப் பெரும்பாலும் இதே மாதிரிதான்.

1. கிளம்பும் முன் ஒரு சாயங்காலம், ஒரு நோட்டு

பெட்டி கட்டும் வாரத்தில் யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே பிள்ளையை உட்கார வைத்து, அவர்கள் எண்ணில் என்னென்ன ஓடுகிறது என்று எழுதி வாங்குங்கள். கேஸ், மின்வாரியம், ரேஷன் அட்டை, வீட்டு வரி, இன்டர்நெட், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், அப்பாவின் பேங்க் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் விடுங்கள். நுகர்வோர் எண், எந்தப் போன் எண், எந்த மெயில், எந்த தேதியில் பணம் கட்ட வேண்டும், இவ்வளவு போதும்.

பிள்ளையின் ஒரிஜினல் சான்றிதழ்கள் எது அவர்கள் கையில் போகிறது, எது வீட்டில் இருக்கிறது என்பதையும் அதே நோட்டில் எழுதிவிடுங்கள். என் மகனின் டிகிரி சான்றிதழ் பீரோவில் இருக்கிறதென்று நானும், அம்மா பையில் வைத்துவிட்டாள் என்று அவனும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவன் அட்மிஷனுக்குப் போய் நின்ற அன்று இரவு முழுக்க நான் பீரோவைக் கலைத்துக்கொண்டிருந்தேன்.

2. உங்கள் சிம் யார் பெயரில் இருக்கிறது?

முதல் வேலை இதுதான். நம்மில் பலருடைய சிம் பிள்ளையின் ஆதாரைக் கொடுத்து வாங்கியதாக இருக்கும். நாளைக்கு போன் தொலைந்து அதே எண்ணில் வேறு சிம் வேண்டுமென்றால் அவர்கள் நேரில் வந்தால்தான் கிடைக்கும். இருவரும் ஊரில் இருக்கும்போதே கம்பெனியின் கிளைக்குப் போய்ப் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் உங்கள் ஆதாரைக் கொடுத்து உங்கள் பெயரில் புதிதாக ஒரு சிம் வாங்கிவிடுங்கள். கைரேகை வைத்தால் அன்றைக்கே கிடைத்துவிடும்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பிள்ளை வெளிநாடு போனதும் இந்திய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்வதை மறந்துவிடும். வேலிடிட்டி முடிந்து சில நாளில் மெசேஜ் வருவது நின்றுவிடும். 90 நாள் எந்த உபயோகமும் இல்லாமல் கிடந்தால் அந்த எண்ணையே நிறுத்திவிடலாம். பிறகு அது வேறு யாருக்கோ கொடுக்கப்படும். அதற்குப்பிறகு உங்கள் வீட்டு ஓடிபி எல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் போனுக்குப் போகும். தலைப்பில் 90 நாள் என்று போட்டதற்குக் காரணம் இதுதான். எல்லாவற்றையும் மாற்றி முடிக்கும்வரை அந்த எண்ணுக்குக் குறைந்தபட்ச ரீசார்ஜை நீங்களே போட்டுவிடுங்கள்.

3. ஆதாரில் போன் எண் மாற்றம்

நான் முதலில் பேங்குக்குப் போனேன். ஆதாரில் பழைய எண் இருந்ததால் பாதி வேலைதான் நடந்தது. இரண்டாவது தடவை போக வேண்டியதாயிற்று. நீங்கள் ஆதாரை முடித்துவிட்டுப் பேங்குக்குப் போங்கள்.

போன் எண் மாற்ற எந்த ஆவணமும் தேவையில்லை. ஆதார் கார்டும் நீங்களும் போனால் போதும். தலைமைத் தபால் நிலையம், தாலுகா அலுவலக ஆதார் மையம், சில பேங்க் கிளைகள் என்று பல இடங்களில் செய்கிறார்கள். பல ஊர்களில் தபால்காரரே வீட்டுக்கு வந்தும் செய்து தருகிறார். உங்கள் பகுதி போஸ்ட் ஆபீஸில் ஒரு வார்த்தை கேளுங்கள். கட்டணம் 2025 அக்டோபர் முதல் 75 ரூபாய். கொடுக்கும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எனக்கு ஐந்தாம் நாள் மாறிவிட்டது. முப்பது நாள் வரை ஆகலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் தேய்த்தே கைரேகை அழிந்துபோனவர்கள் நம்மில் நிறைய. மெஷின் எடுக்கவில்லை என்றால் பதறாதீர்கள், கண் விழியை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். போவதற்கு முதல்நாள் இரவு கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, காலையில் நன்றாகத் துடைத்துவிட்டுப் போனேன். இரண்டாவது தடவையில் எடுத்துவிட்டது.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதே உங்கள் பெயரைச் சரிபாருங்கள். பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல் என்று இருந்தால் பிறகு பாஸ்போர்ட்டில் இடிக்கும். ஆனால் அவசரப்பட்டு மாற்றவும் கூடாது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்ற முடியும். எந்தப் பெயரில் எல்லா ஆவணங்களையும் கொண்டுவரப் போகிறீர்கள் என்று முதலில் வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

4. பேங்க், பான் கார்டு, அப்புறம் போனில் வரும் திருடர்கள்

உங்கள் பெயரில் தனிக் கணக்கு இல்லையென்றால் இப்போது தொடங்குங்கள். ஆதார், பான், இரண்டு போட்டோ போதும். பான் இல்லையென்றால் வருமான வரித் துறை இணையதளத்தில் ஆதார் ஓடிபி வைத்து உடனடி இ-பான் இலவசமாகக் கிடைக்கும். அட்டையாக வேண்டும் என்று விண்ணப்பித்தால் 107 ரூபாய். எப்போதோ ஒன்று எடுத்த ஞாபகம் இருந்தால் புதிதாக எடுக்காதீர்கள். ஒருவரிடம் இரண்டு பான் இருந்தால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஏற்கனவே கணக்கு இருந்தால் பாஸ்புக், ஆதார் நகலோடு கிளைக்கு நேரில் போய் எண் மாற்றப் படிவம் கொடுங்கள். மாதத்தின் முதல் வாரத்திலும் திங்கட்கிழமையிலும் போகாதீர்கள், கூட்டத்தில் யாரும் நம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டார்கள். நாமினி யார் என்று அப்போதே கேட்டுவிடுங்கள். 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு 4 பேர் வரை போடலாம். என் கணக்கில் கல்யாணத்துக்கு முன் போட்ட என் அப்பா பெயரே இருந்தது. அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

யுபிஐ-யை உங்கள் போனில் பிள்ளை இருக்கும்போதே போட்டு, பத்து நாள் நீங்களே காய்கறிக் கடையில் ஸ்கேன் செய்து பழகுங்கள். அவர்கள் பக்கத்தில் நிற்கட்டும், போனைக் கையில் வாங்கக் கூடாது. இது என் கண்டிப்பான அபிப்பிராயம்.

தயவுசெய்து இதை இரண்டு முறை படியுங்கள். பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போன் செய்பவர்கள் இருக்கிறார்கள். "உங்க பையன் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள்", "உங்களை டிஜிட்டல் கைது செய்கிறோம், போனை வைக்கக் கூடாது" என்பார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. போனை வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு. நானும் மகனும் ஒரு வார்த்தை பேசி வைத்திருக்கிறோம். நிஜமாகவே அவசரம் என்றால் அவன் அதைச் சொல்ல வேண்டும். அது அவன் சின்ன வயதில் ரசத்துக்கு வைத்த பெயர், வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

5. கேஸ், கரண்ட், பால்

கேஸ் ஏஜென்சியில் புத்தகத்தோடும் ஆதாரோடும் போனால் எண் மாற்றிக்கொள்ளலாம். மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் மின் இணைப்பு எண்ணைச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். ஒரே நாள் வேலை.

ஆள் குறைந்ததும் செலவும் குறையும். எங்களுக்கு ஒரு சிலிண்டர் 35 நாள் வந்தது, இப்போது 70 நாள் தாண்டுகிறது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் கரண்ட் பில்லும் நன்றாகவே இறங்கியது. மிச்சமாகும் அந்தப் பணத்தை வீட்டுச் செலவோடு கலந்துவிடாமல் உங்கள் கணக்கில் தனியாகப் போடுங்கள். கீழே சொல்லப்போகும் செலவுகள் எல்லாவற்றையும் நான் அதிலிருந்துதான் பார்த்தேன்.

பால்காரரிடம் அளவைக் குறைக்கச் சொல்ல எனக்கு மூன்று வாரம் மனசு வரவில்லை. தினமும் மிஞ்சிய பாலைத் தயிராக்கி, தயிரை மோராக்கி, மோரை அக்கம்பக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடுங்கள். திரும்ப வரும்போது கூட்டிக்கொள்ளலாம்.

6. சமையல் அளவை எழுதி ஒட்டுங்கள்

கை பழைய கணக்கிலேயே போகும். நான்கு பேருக்குச் சமைத்த கைக்கு இரண்டு பேர் என்று தெரிய ரொம்ப நாளாகும். புது அளவை ஒரு தாளில் எழுதி அரிசி டப்பா மேல் ஒட்டுங்கள். என் தாளில் இருப்பது: சாதத்துக்கு ஒரு டம்ளர், இட்லிக்கு நான்கு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து என்பது இரண்டுக்கு அரை, சாம்பாருக்கு ஒரு கைப்பிடி பருப்பு. பெரிய கிரைண்டரில் அரை டம்ளர் உளுந்து சரியாக அரைபடாது, கல்லைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நிற்கும். மிக்ஸியில் ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்தால் மாவு சூடாகாமல் பொங்கி வருகிறது. சின்ன குக்கர் ஒன்று மட்டும் புதிதாக வாங்கினேன்.

இரண்டு பேருக்கு எதற்கு என்று சமைப்பதையே விட்டுவிட்டு ஊறுகாயும் மோரும் சாப்பிட்டு நாளை ஓட்டுவதுதான் இதில் நாம் விழும் குழி. நான் ஆறு வாரம் அப்படித்தான் இருந்தேன். அதன் பலன் அடுத்ததில் இருக்கிறது.

7. உடம்பைப் பார்த்துவிடுங்கள், முதல் மாதமே

இரவு மூன்று மணிக்கு விழிப்பு, பிறகு தூக்கம் இல்லை. திடீரென்று உடம்பு முழுக்க அனல் அடித்து வியர்வை. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் கண்ணீர். எல்லாம் பிள்ளை ஏக்கம் என்றே நினைத்தேன், பார்த்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். மகள் பெங்களூருவிலிருந்து வந்து கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனாள். ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. தைராய்டும் ஏறியிருந்தது. அனல் அடித்தது மாதவிடாய் நிற்கப்போவதன் அறிகுறி. பிள்ளைகள் வீட்டை விட்டுக் கிளம்பும் வயதும் நமக்கு மாதவிடாய் நிற்கும் வயதும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. மாத்திரை எடுக்கத் தொடங்கி இரண்டு மாதத்தில் மாடிப்படி பழையபடி ஆனது. மகன் ஞாபகம் இப்போதும் வரும்தான், ஆனால் அதோடு எழுந்து வேலை பார்க்க முடிகிறது.

எடுக்க வேண்டிய பரிசோதனைகள்: ரத்த அணுக்கள், மூன்று மாத சர்க்கரை அளவு, தைராய்டு, ரத்த அழுத்தம். தனியார் லேபில் எனக்கு 1,350 ரூபாய் ஆனது. அரசு மருத்துவமனையில் இலவசம், காலை எட்டு மணிக்கே போய்விட வேண்டும். 30 வயது தாண்டியவர்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்கிறார்கள். கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள், சில நிமிஷ வேலை.

பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் இல்லை என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி-மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நான் ஒரு முறை பேசினேன். பெண் ஒருவர் இருபது நிமிஷம் பொறுமையாகக் கேட்டார். இதைச் சொல்ல எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

8. எப்போது பேசுவது

முதல் மாதம் நான் நாளைக்கு ஐந்து முறை கூப்பிட்டேன். வகுப்பில் இருப்பான், சமைத்துக்கொண்டிருப்பான், எடுக்க மாட்டான். நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பேன். ஒரு நாள், "அம்மா, நீ கூப்பிடும்போதெல்லாம் என்னமோ ஆயிடுச்சோன்னு பயந்துக்கிட்டே எடுக்கறேன்மா" என்றான். அதன்பிறகு நேரம் வைத்துக்கொண்டோம். தினமும் தூங்கும் முன் அவன் ஒரு மெசேஜ், ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் வீடியோ.

ஐரோப்பாவில் பிள்ளை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். ஜெர்மனிக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம் அன்றிலிருந்து நாலரை ஆகிவிடும். மார்ச் கடைசி ஞாயிறு திரும்ப மாறும். இது தெரியாமல் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போனை மடியில் வைத்துக்கொண்டு தவித்தேன்.

9. மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை

காலை வேலையில் ஓடிவிடும், இரவு வீட்டுக்காரர் வந்துவிடுவார். தாங்க முடியாதது மதியம்தான். அந்த நான்கு மணி நேரத்துக்கு வீட்டுக்கு வெளியே ஒரு வேலை வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது.

எங்கள் வீட்டுத் திண்ணையோரம் மகளின் ஸ்கூட்டி தூசி படிந்து நின்றது. 49 வயதில் அதை ஓட்டக் கற்றேன். முதலில் எல்எல்ஆர், அதாவது வண்டி பழகுவதற்கான உரிமம், எடுக்க வேண்டும். 40 வயது தாண்டியவர்களுக்கு டாக்டரின் மருத்துவச் சான்றும் தேவை. எல்எல்ஆர் 6 மாதம் செல்லும், 30 நாள் கழித்து லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகலாம். நேரடியாகப் போனால் அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். டிரைவிங் ஸ்கூல் வழியாகப் போனதால் எனக்குப் பயிற்சியோடு சேர்த்து 4,500 ஆனது. வண்டியைத் தொடும் முன் இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்கள். எங்கள் வண்டிக்கு முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பேட்டரியும் மாற்ற வேண்டியிருந்தது.

வண்டி பயமென்றால் டவுன் பஸ் இருக்கிறது, சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021-லிருந்து நமக்கு டிக்கெட் இல்லை. நான் சத்திரம் பேருந்து நிலையம் போய் அங்கிருந்து நடந்து டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தேன். அரசுத் தேர்வு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும், அதனால் ஆறு மாதம் முன்னால் சேர்வது நல்லது. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையோ இக்னோவையோ பாருங்கள். சேர்க்கை வருடம் இரண்டு முறை, ஜனவரிப் பருவமும் ஜூலைப் பருவமும். பள்ளி டிசி, மார்க் ஷீட் தேடி எடுக்கவே இரண்டு வாரம் ஆகும், இப்போதே தேடத் தொடங்குங்கள்.

10. பாஸ்போர்ட்

பிள்ளை கூப்பிடும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். சாதாரண முறையில் 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கலில் 3,500. ஆதார், பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழ் அல்லது பான், முகவரிக்கு பேங்க் பாஸ்புக். பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருந்தால் அந்த மார்க் ஷீட்டையும் எடுத்துப் போங்கள். விண்ணப்பத்தில் இனிஷியல் எழுதக் கூடாது, முழுப்பெயராக விரித்து எழுத வேண்டும். அங்கேதான் எனக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் வீணாயிற்று. போலீஸ் விசாரணைக்கு அழைப்பு வரும், ஒரிஜினல்களோடு வீட்டில் இருங்கள். எனக்கு 19 நாளில் தபாலில் வந்தது. பணம் கட்டுவது அரசின் பாஸ்போர்ட் சேவா தளத்தில் மட்டும். அதே மாதிரிப் பெயரில் கூடுதல் காசு கேட்கும் தளங்கள் கூகிளில் மேலேயே வருகின்றன.

11. லீவுக்கு வரும்போது

வெளிநாட்டிலேயே தங்கிவிட்ட பிள்ளை இங்கே வைத்திருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான கணக்காக, மாற்ற வேண்டும். கல்விக் கடனில் நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தால் தவணை எந்த மாதம் தொடங்குகிறது என்று இருவருமாகப் போய் எழுதி வாங்குங்கள். அவர்கள் பெயரில் வீடோ மனையோ இருந்தால் அவர்கள் சார்பில் கையெழுத்துப் போட உங்களுக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை ஊரில் இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது சுலபம். அங்கிருந்து அனுப்பினால் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணமும் கட்ட வேண்டும்.

இந்த வேலைகளை வந்த முதல் இரண்டு நாளில் வைக்காதீர்கள், கடைசி இரண்டு நாளிலும் வைக்காதீர்கள். நடுவில் ஒரு செவ்வாய், புதனைக் குறித்துக்கொள்ளுங்கள். பால்காரரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். அரிசி டப்பா மேல் ஒட்டிய தாளைக் கிழிக்க வேண்டாம். அந்த இருபது நாளுக்கு மட்டும் நான்கு டம்ளர் அரிசியும் ஒரு டம்ளர் உளுந்தும் ஊற வைத்து, பெரிய கிரைண்டரையே எடுங்கள்.